மாப்பிள்ளை மாட்டிக் கொடுத்த விளக்கு

ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் பேசக் கூடாது என்பது பெயிண்டர் தொழிலில் முதல் பாடம். பேசினால் அடுத்த வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். இருபத்தாறு வருஷமாக நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சுவர் சுவராகத் தேய்த்து வந்திருக்கிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வீட்டுக்காரர்கள் இனிமேல் என்னைக் கூப்பிடாவிட்டால் போகட்டும், ஊரில் வேறு சுவரா இல்லை?

கீழ்த்தள வீடு. முன்னறையில் அந்த வீட்டு மருமகள் பெண்களுக்கான பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். தெருவில் எல்லாருக்கும் அவள் பார்லரம்மா. ஒரு சுழல் நாற்காலி, ஆள் உயரக் கண்ணாடி, தலை அலச மூலையில் ஒரு தொட்டி, அவ்வளவுதான் கடை. வாசலில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று அவளே எழுதி ஒட்டியிருந்தாள். தலை அலசும்போது தண்ணீர் சிந்திக்கொண்டே இருக்கும், அவள் துடைத்துக்கொண்டே இருப்பாள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெறுங்காலோடு ஈரத் தரையில்தான் அவள் பிழைப்பு.

கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பித்தளைச் சுவர் விளக்குகள். எங்கோ ஒரு பழைய லாட்ஜை இடித்தபோது அங்கே போய் நின்று, குப்பையில் பொறுக்கி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி மாட்டியிருந்தாள். புருவம் திருத்துகிற வேலைக்கு உச்சியில் எரிகிற டியூப்லைட் உதவாதாம், முகத்துக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் வேண்டுமாம். அந்த விளக்குகளின் வயர் சுவரில் தொங்கி, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பிளக்காகச் சொருகியிருந்தது. பக்கத்திலேயே தண்ணீர். வருகிறவர்கள் கால் வேறு தடுக்கியது. அதனால்தான் பிளக்கை எடுத்துவிட்டு, வயரைச் சுவருக்குள் கொண்டுபோய், சுவிட்சிலேயே எரிகிற மாதிரி செய்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். அவள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

எலக்ட்ரீஷியன் ஒருவரை அவளே வரவழைத்துக் கேட்டிருக்கிறாள். சுவரைக் கீறிப் பைப் புதைக்க வேண்டும், மூன்று வயர் இழுக்க வேண்டும், பித்தளை விளக்கு என்பதால் எர்த் கட்டாயம், ரெண்டு நாள் வேலை என்று அவர் சொல்லியிருக்கிறார். மாமியார் விடவில்லை.

“வீட்டுக்குள்ளயே மாப்பிள்ளை இருக்கறப்ப வெளி ஆள் எதுக்கு? மாப்பிள்ளை கை வெச்சா எல்லாம் எரியும்.”

மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவர், பார்லரம்மாவின் நாத்தனார் புருஷன். கம்ப்யூட்டர் விற்கிறவர். போனில் வீடியோ பார்த்தே குழாய் மாற்றுவார், கதவு இழைப்பார், காருக்கு ஆயில் மாற்றுவார். மாற்றிய பிறகு அதைச் சரிபண்ண ஆள் வரும். ஆனால் அவர் முகத்துக்கு நேரே அந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளை முகம் சுருங்கினால் மகள் வாழ்க்கை சுருங்கும் என்று ஒரு பயம். அந்தப் பயத்துக்குத்தான் மரியாதை என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புது டிரில்லோடு வந்து இறங்கினார். கையோடு சுவரைப் பூசிவிட என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். மழைக்காலம், சுவரெல்லாம் ஊறிப் போய் இருந்தது. விளக்கிலிருந்து சுவிட்சுப் பெட்டி வரைக்கும் கோடு கிழித்துச் சுத்தியலால் கொத்தினார். பிளக்கை வெட்டிப் போட்டார். விளக்கோடு வந்த அதே மெல்லிசு வயரை அப்படியே அந்தப் பள்ளத்தில் படுக்க வைத்தார்.

“பைப் போடலையா சார்?” என்றேன்.

“நீ பெயிண்டரா, எலக்ட்ரீஷியனா?”

வாயை மூடிக்கொண்டேன். பார்லரம்மா மூடவில்லை.

“அண்ணா, எர்த்துன்னு ஒரு வயர் வேணும்னு அவர் சொன்னாரே.”

“சிஸ்டர், உங்க பிளக்ல எத்தனை கால் இருந்துச்சு? ரெண்டு. ரெண்டு காலுக்கு ரெண்டு வயர். மூணாவது வயர எங்க கொண்டுபோய் வைக்கிறது, உங்க தலையிலயா?”

மாமியார் சிரித்தார். பார்லரம்மாவின் புருஷன்காரரும் சிரித்தார். விளக்கின் பின்தட்டில் வயர் வெளியே வரும் ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அது இருந்தால் தட்டு சுவரோடு ஒட்டி உட்காரவில்லை என்று அதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, ஸ்குரூவைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். சுவிட்சைப் போட்டதும் இரண்டு விளக்கும் எரிந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். மத்தியானம் மாப்பிள்ளைக்கு மீன் வறுவல், எனக்கு மீன் வாசம். நான் பள்ளத்தைப் பூசிவிட்டு வந்தேன். ஈரச் சுவர் சட்டென்று காயாது, காயாமல் பெயிண்ட் அடித்தால் உரியும். அதனால் அந்த வீட்டுக்கு மறுபடி மறுபடி போக வேண்டியதாயிற்று. அப்படிப் போனதால்தான் இத்தனையும் பார்த்தேன்.

புதன்கிழமை காலையில் கண்ணாடியைத் துடைத்த ஈரத் துணியோடு இடது பக்க விளக்கைத் துடைத்திருக்கிறாள். சுர்ரென்று கையை இழுத்திருக்கிறது. சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

“ஏங்க, இந்த லைட்டுல கரண்ட் அடிக்குது.”

புருஷன்காரர் பஸ் கம்பெனியில் டிக்கெட் புக்கிங் பார்க்கிறவர். ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வந்து தொட்டார். உள்ளங்கையை வைத்தே அழுத்தினார்.

“எங்க அடிக்குது?”

“நான் தொட்டப்ப அடிச்சுது.”

“எனக்கு அடிக்கலயே?”

மாமியார் வந்து தொட்டார். ஒன்றுமில்லை. போனில் மாப்பிள்ளையைக் கேட்டார்கள். ஸ்பீக்கரில் அவர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். “சுவிட்ச் ஆஃப்ல இருக்கறப்ப கரண்ட் எங்கிருந்து வரும் மச்சான்? சிஸ்டர் உடம்புல இருந்துதான் வரணும். ஜாக்கிரதை, ரொம்பப் பக்கத்துல போகாதீங்க!”

அடுத்த நாள் நான் பூசிய இடத்தைச் சமப்படுத்தப் பட்டி தேய்க்கப் போயிருந்தேன். ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தபோது மாமியார் கேட்டார்.

“பெயிண்டரே, நீங்களே சொல்லுங்க. அந்த லைட்டத் தொடுங்க.”

தொட்டேன். ஒன்றும் தெரியவில்லை.

“ஒண்ணுமில்லம்மா” என்றேன்.

அந்த ஒற்றை வார்த்தையை அந்தக் கிழவி எத்தனை நாள் வைத்து ஓட்டினார் தெரியுமா! “பெயிண்டரே தொட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாரு.” பக்கத்து வீட்டில், போனில், மொட்டை மாடியில், எங்கே பார்த்தாலும் என் சாட்சிதான். சுவிட்சுத் தட்டைக் கழற்றிப் பெயிண்ட் அடிக்கிறவன் நான். கரண்ட் இருந்தால் எரிந்து காட்டுகிற டெஸ்டர் எப்போதும் என் பையில் இருக்கும், அன்றைக்கும் இருந்தது. எடுத்து ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மாப்பிள்ளை வேலையில் நான் டெஸ்டர் வைத்தேன் என்று ஆகிவிடும், நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன். இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் டெஸ்டர் கேட்டாள். கேட்காமல் இல்லை.

“ஒரு டெஸ்டர் வாங்கிட்டு வாங்க, வெச்சுப் பாத்துரலாம். ரெண்டு நிமிஷ வேலை.”

“மாப்ள செஞ்ச வேலையில டெஸ்டர் வெச்சுப் பாத்தேன்னு என் தங்கச்சி காதுல விழுந்தா என்ன ஆகும்?” என்றார் புருஷன்.

“என் கையில கரண்ட் அடிச்சா என்ன ஆகும்?”

“உனக்கு எதுக்கெடுத்தாலும் ஏட்டிக்குப் போட்டி.”

வெள்ளிக்கிழமை அவளே எலக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணினாள். அவரும் மழையில் நனைந்துகொண்டு வந்தார். புருஷன் வாசலிலேயே மறித்து, “ஒண்ணுமில்லங்க, சரியாயிடுச்சு” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் உள்ளேயிருந்து ஓடி வருவதற்குள் அவர் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. அவள் அங்கேயே நின்றாள். நான் ஸ்டூலை நகர்த்துகிற மாதிரி நகர்த்திக்கொண்டிருந்தேன்.

அன்றோடு கடையை மூடினாள். வருகிற பெண்களை வாசலிலேயே நிறுத்தி, “ரெண்டு நாள் கழிச்சு வாங்கக்கா, சுவர் வேலை நடக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு, வெறுங்காலோடு உட்காருகிறவர்கள் கை தவறிப் பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு ராத்தூக்கம் இல்லை. கண் உள்ளே போய்விட்டது. அந்த வீட்டில் வேறு யாருக்கும் ஒரு கவலையும் இல்லை. சாப்பிட்டார்கள், டிவி பார்த்தார்கள், ‘குழம்புல உப்புக் கம்மி’ என்றார்கள்.

இரண்டாவது வாரம் பக்கத்துத் தெரு டீச்சர் வந்தார். மறுநாள் யாருக்கோ கல்யாணமாம், கெஞ்சினார். நாலு வருஷமாக வருகிறவர், எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு வந்தவர். பார்லரம்மா மனசு கேட்காமல் உட்கார வைத்தாள். நாற்காலியை இடது பக்க விளக்கை விட்டு இழுத்துப் போட்டு, விளக்கைப் போடாமல், ஜன்னல் வெளிச்சத்திலேயே முடித்தாள். தலை அலசிவிட்டு எழுந்த டீச்சர், “என்ன அழகா மாத்தியிருக்கே!” என்று ஈரக் கையை விளக்குப் பக்கம் நீட்டிவிட்டார்.

அந்தக் கையில் பார்லரம்மா ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நான் பின்னால்தான் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டுப் பிரஷோடு ஓடி வந்தேன். டீச்சரின் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து தரையில் சிதறியது.

“மன்னிச்சுக்குங்கக்கா. தொடாதீங்க. அதுல கரண்ட் இருக்கு.”

“சுவிட்ச் ஆஃப்ல தானே இருக்கு?” டீச்சர் முகம் சிவந்துவிட்டது.

மாமியார் உள்ளேயிருந்து வந்தார். “நீங்க தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அவளுக்கு ஒரு வாரமா இப்படித்தான். இல்லாதது எல்லாம் இருக்கற மாதிரி தெரியுது. பெயிண்டரக் கேட்டுப் பாருங்க.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பிரஷைப் பார்த்தேன். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் பரவிவிட்டது. பார்லரம்மா கஸ்டமரை அடிக்கிறாள், பார்லரம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? புருஷன் போனில் தங்கையிடம் பேசியது எனக்கே கேட்டது, அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? “நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்காராம்மா. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். மாப்ளகிட்ட சொல்லு, தப்பா நெனச்சுக்க வேண்டாம்னு. ஞாயித்துக்கெழமை நீங்க வாங்க, அவர் முன்னாலயே அந்த லைட்டத் தொட்டுட்டு ‘ஒண்ணுமில்லண்ணா, என் தப்புதான்’னு சொல்லச் சொல்றேன்.”

கரண்ட் அடி பட்டவள் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். எந்த ஊர் நியாயம் இது?

சனிக்கிழமை நான் கடைசிக் கோட்டிங் அடிக்கப் போனபோது மழை பேய்த்தனமாகப் பெய்துகொண்டிருந்தது. மாடியில் காயப்போட்டிருந்த துணியை எடுக்க அவள் அவசரத்தில், குளிக்கப் போயிருந்த புருஷனின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். துணியோடு திரும்பி வந்தவள், பழக்க தோஷத்தில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு விளக்கையும் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகுதான் தெரிந்து திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். கையைப் பார்த்தாள், குனிந்து காலைப் பார்த்தாள். அப்புறம் ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, புறங்கை விரலால் விளக்கை லேசாகத் தொட்டாள். துள்ளிப் பின்னால் வந்தாள்.

“அண்ணே, அன்னைக்கு இந்த லைட்டத் தொட்டீங்களே, எது மேல நின்னுட்டிருந்தீங்க?”

“ஸ்டூல் மேலம்மா.”

“மரமா, இரும்பா?”

“மரம்.”

“ம்” என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய் மாவு பிசைய ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மண்டையில் அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டில் குதிகால் வலி ஒரு குடும்பச் சொத்து. மாமியாருக்கு இருந்தது, மகனுக்கும் வந்தது. டாக்டர் சொன்னாரென்று இரண்டு பேரும் குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்பில்தான் நடப்பார்கள். தொட்டுப் பார்த்தவர்கள் அத்தனை பேர் காலிலும் ரப்பர், நான் மரத்தின் மேல். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் பைத்தியம் என்றோம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கே வேலை இல்லை. மிச்சம் இருந்த டப்பாவை எடுக்கிற சாக்கில் போனேன். இந்தத் தடவை டெஸ்டரைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை மட்டும் வந்திருந்தார். தங்கைக்குத் தலைவலியாம், வரவில்லை. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, மாமியார் எடுத்து வைத்திருந்த புது ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வெளியே மழை, உள்ளே புழுக்கம். மாமியார் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார்.

“சிஸ்டர், என் மேல என்ன கோபம்?” என்றார் மாப்பிள்ளை.

“கோபம் ஒண்ணுமில்லண்ணா. லைட்டுல கரண்ட் இருக்கு, அதத்தான் சொன்னேன்.”

“மறுபடியும் பாரு!” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “நேத்து என்ன பேசிக்கிட்டோம்?”

“நீங்க பேசினீங்க அத்தை. நான் பேசல.”

புருஷன் பல்லைக் கடித்தார். “போய்த் தொட்டுட்டு, சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வா. விஷயம் முடிஞ்சிரும்.”

“தொடறேன். அதுக்கு முன்னால அண்ணா ஒரு தடவ தொடட்டும்.”

“ஆயிரம் தடவ தொடறேன்” என்று மாப்பிள்ளை எழுந்தார்.

“செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க.”

மாப்பிள்ளை எடுத்து வைத்த அடியை அங்கேயே நிறுத்தினார்.

“இந்தத் தரையில தண்ணி தெளிச்சுத் துடைச்சு வெச்சிருக்கேன், என் கடையில எப்பவும் எப்படி இருக்குமோ அப்படி. உங்க எல்லார் காலுலயும் ரப்பர் இருக்கு. பெயிண்டர் அண்ணன் மரத்து மேல நின்னாரு. தரையில நிக்கறது நான் ஒருத்தி. எனக்கு மட்டும் ஏன் அடிக்குதுன்னு பத்து நாளா நீங்க யாராவது யோசிச்சீங்களா? நான் யோசிச்சேன். கழட்டுங்கண்ணா.”

மாப்பிள்ளை செருப்பைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். “ஆஃப்ல இருக்கறப்ப…” என்று ஆரம்பித்து இழுத்தார். கழற்றவில்லை. வீடியோவில் இந்த இடம் வரவில்லை போலிருக்கிறது.

மாமியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “என் மாப்பிள்ளைய நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறியா? அவர் எதுக்குத் தொடணும்? நான் தொடறேன்டி! நான் தொட்டுக் காட்டறேன்!” இரண்டு செருப்பையும் உதறி எறிந்துவிட்டு ஈரத் தரையில் தொம் தொம்மென்று நடந்து போய்க் கையை நீட்டினார்.

பார்லரம்மா பாய்ந்து இரண்டு கையாலும் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் அத்தை.”

“விடுடி!”

“விடமாட்டேன். உங்களுக்கு வயசாச்சு, நீங்க தாங்கமாட்டீங்க.”

கிழவி திமிறினார். இவள் விடவில்லை, இழுத்து அணைத்தபடி பின்னால் கொண்டுவந்தாள். பத்து நாளாகத் தன்னைப் பொய்க்காரி என்று ஊரெல்லாம் சொன்ன வாயை அன்றைக்கு ஒரு நொடியில் மூட வைத்திருக்கலாம். கையை எடுத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தால் போதும். அவள் நிற்கவில்லை.

அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. “எல்லாரும் தள்ளுங்க” என்று போய் டெஸ்டரை எடுத்து விளக்கின் பித்தளை உடம்பில் வைத்தேன். சுவிட்ச் அணைந்திருக்கிறது, டெஸ்டருக்குள் சிவப்பாக எரிகிறது. மூன்று இடத்தில் வைத்துக் காட்டினேன், மூன்று இடத்திலும் எரிந்தது.

“சுவிட்ச் ஆஃப்ல இருக்கே!” என்றார் புருஷன், ஏதோ நான் எரிய வைத்த மாதிரி.

“கரண்ட் வர்ற வயர சுவிட்சுக்குக் குடுக்கணும் சார். இங்க திரும்பிப் போற வயரக் குடுத்திருக்கு. ஆஃப் பண்ணினா லைட்டு அணையும், கரண்ட் அங்கதான் நின்னுட்டிருக்கும். உள்ள ரப்பர் வளையத்தயும் எடுத்தாச்சு, தட்டு வயரக் கடிச்சிருக்கும். எர்த்தும் கெடையாது. அப்புறம் ஆளத்தான் அடிக்கும்.”

பார்லரம்மா நேரே மீட்டர் பெட்டிக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். ஃபேன் நின்றது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள். “இப்பவே வாங்கண்ணே. இந்தத் தடவ உங்கள யாரும் திருப்பி அனுப்பமாட்டாங்க” என்றாள்.

இதற்கு மேல் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, “பழைய லாட்ஜ் லைட்டு மச்சான். அதான் பிரச்சனை. வயரிங்ல ஒண்ணுமில்ல” என்றார். சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய் ஷூ போட உட்கார்ந்துவிட்டார். மாமியார், “நல்லவேளை, பெயிண்டர் இருந்தாரு. இல்லாட்டி யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கும்” என்றார். புருஷன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்க மட்டும் கண்டுபிடிக்கலைன்னா என்ன ஆயிருக்கும்ணே!”

எனக்கு உச்சந்தலையில் சுள்ளென்று ஏறியது. “நான் எங்க சார் கண்டுபிடிச்சேன்? இந்தம்மா பத்து நாளாத் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லுச்சே! டெஸ்டர் அப்பவே என் பையில இருந்துச்சு சார், நான்தான்…”

“அண்ணே, நீங்க சும்மா இருங்க” என்றாள் பார்லரம்மா. “தொட்டுட்டு ஒண்ணுமில்லன்னு சொன்ன ஆளுதானே நீங்களும்.”

சும்மா இருந்தேன். வேறென்ன செய்ய?

அவள் புருஷனிடம் திரும்பினாள். “உங்க தங்கச்சிக்குப் போன் போடுங்க.”

“எதுக்கு இப்ப?”

“எனக்கு நரம்புக் கோளாறுன்னு அவகிட்டதானே சொன்னீங்க? அத மாத்திச் சொல்லுங்க.”

“சாயங்காலம் பேசிக்கறேன். மாப்ள கிளம்பட்டும்.”

“அவர் இருக்கறப்பவே சொல்லுங்க.”

“அடியே, புழுக்கம் தாங்கல, வேற ஃபியூஸாவது மாட்டி ஃபேனப் போடேன்” என்றார் மாமியார். பார்லரம்மா ஃபியூஸ் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷனின் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. வாசலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தப்பிக்க வழி இல்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மாடி, அண்ணன் பேசறேன். அந்த லைட்டுல கரண்ட் இருக்காம்.”

“இருக்காம் இல்ல. இருக்கு” என்றாள் இவள்.

“இருக்கு. பெயிண்டர் டெஸ்டர் வெச்சுப் பாத்தாரு…”

“பெயிண்டர விடுங்க.”

போனில் தங்கை கேட்டாள். “அப்ப அண்ணி சொன்னது நிஜமாண்ணா?”

அவர் குரல் எறும்புக்குக் கூடக் கேட்டிருக்காது. “நிஜம்தான்.”

“வாசலுக்குக் கேக்கல” என்றாள் பார்லரம்மா.

வாசலில் மாப்பிள்ளை குனிந்து ஷூ லேஸை முடிந்துகொண்டிருந்தார். ஒரு லேஸ் முடிய அவ்வளவு நேரமா ஆகும்? புருஷன் மூச்சை இழுத்துப் பிடித்து, மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினார். “என் பொண்டாட்டி சொன்னது நிஜம்! மொத நாள்லேர்ந்து நிஜம்! நாங்கதான் நம்பல!”

“ஏண்ணா கத்தற? நல்லாக் கேக்குது” என்றாள் தங்கை.

“உனக்குக் கேக்கும்மா. உன் வீட்டுக்காரருக்குக் கேக்கணும்” என்றாள் பார்லரம்மா. அப்புறம் புருஷனைப் பார்த்து, “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள்.

அவர் இன்னொரு தடவை சொன்னார்.